நம்ம 101 போனுக்குள் போய்விட்டால் போதுமா? – கரை, கடல், மலை

#1 கோட்டார்_நேயர்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ரேடியோவில் டயல் நூல் அறுந்துவிட்டது. முள் 96-லேயே நிற்கிறது, நம்ம நாகர்கோவில் எஃப்எம் நிலையம் வரும் 101-க்கு நகர மாட்டேன் என்கிறது. வடசேரியில் வழக்கமாகப் போகும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அண்ணாச்சி, இதுக்கு நூல் கோக்கத் தெரிஞ்சவரு தொழிலையே விட்டுட்டாரு. போன்ல ஆப் போட்டுத் தாறேன், நம்ம நாகர்கோவில் நிலையமே கிடைக்கும்” என்றார். நான் சரி சொல்லும் முன்னாலேயே போனை வாங்கிப் போட்டும் கொடுத்துவிட்டார்.

கேட்கிறது. நன்றாகவே கேட்கிறது. கரகரப்பு கிடையாது. ஆனால் காலை 7.15 செய்தி தொடங்கும்போது சுவர்க் கடிகாரம் கிட்டத்தட்ட அரை நிமிஷம் தாண்டி நிற்கிறது. நாற்பது வருஷமாக ரேடியோவைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறேன். இப்போது எதை நம்ப?

இது சின்ன விஷயம். பெரிய சந்தேகம் வேறு. இங்கே இளைய ஆட்களுக்குத் தெரியுமோ என்னவோ, நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம்முடையது. 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவிலில் தொடங்கினார்கள். அதுவரை நமக்கு 1963-இல் வந்த திருநெல்வேலி, அந்தப் பக்கம் திருவனந்தபுரம், அப்புறம் இலங்கை வானொலி. நம்ம ஊருக்காக நம்ம ஊரிலிருந்து பேசியது 101 வந்த பிறகுதான். இனி எல்லாம் ஆப், இணையம் என்று ஆகும்போது அந்தக் கோபுரத்துக்கு வேலை இருக்குமா, இல்லை டயல் நூல் கோக்கிறவர் மாதிரி அதுவும் தொழிலை விட்டுவிடுமா?

#2 மஸ்கட்_மார்த்தாண்டம்

அண்ணாச்சி, நான் இந்தக் கேள்வியின் மறுபக்கம். பதினோரு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறேன். முன்பெல்லாம் ஊருக்கு வந்து போகும்போது கேட்டால்தான் உண்டு. இப்போது ‘நியூஸ் ஆன் ஏர்’ ஆப்பில் இருநூறுக்கு மேற்பட்ட ஆகாசவாணி அலைவரிசைகள் கிடக்கின்றன. நாகர்கோவிலையும் அதில்தான் கேட்கிறேன். 2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்று இன்னொன்றும் கொண்டுவந்தது, டிவி, ரேடியோ இரண்டும் அதில் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை இங்கே லீவு. புட்டு அவிந்துகொண்டிருக்கும்போது 101 ஓடும். சாவு அறிவிப்பு தவிர ஊரின் எல்லாச் சத்தமும் வருகிறது. எனக்கு டிஜிட்டல் என்றால் அதுதான். கோபுரத்தின் எல்லைக்குள் இல்லாதவனுக்கும் நிலையம் எட்டுகிறது. உங்கள் அரை நிமிஷத்தை நான் சந்தோஷமாகத் தாங்கிக்கொள்வேன்.

#3 ரப்பர்பால்

குலசேகரம் பக்கம். காலை நாலு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிற ஆள் நான். நெற்றியில் லைட், ஒரு கையில் கத்தி, மறு கையில் வாளி. மரத்தில் ஒரு சின்ன ரேடியோவைத் தொங்கவிட்டால் பத்து மரம் சுற்றிக் கேட்கும். அடுத்த வரிசைக்குப் போகும்போது கழற்றி எடுத்துக்கொள்வேன்.

போனில் கேட்கச் சொல்கிறார்கள். முதல் விஷயம், தோட்டத்துக்குள் நெட் பாதி இடத்தில் இல்லை. இரண்டாவது, பால் ஒட்டிய கையால் போனைத் தொட்டால் ஸ்கிரீன் போச்சு. மூன்றாவது, இயர்போன் மாட்டிக்கொண்டு இருட்டில் நிற்க நான் தயார் இல்லை. பின்னால் காட்டுப்பன்றி வந்தாலும் தெரியாது. இதையெல்லாம் ஆப் செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை அப்படி.

#4 அலைவரிசை_ரிட்டயர்டு

டிரான்ஸ்மிட்டர் வேலையில் தலை நரைத்தவன். கடிகாரக் கேள்விக்கு முதலில் பதில். கோபுரத்திலிருந்து வரும் அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. நிலையம் இருக்கும் கோணம் என்ற இடத்திலிருந்து கோட்டாருக்கு வர அதற்கு நேரமே எடுக்காது. ஆப்பில் வருவது அப்படி இல்லை. ஒலியைச் சுருக்க வேண்டும், துண்டு துண்டாக்கி சர்வருக்கு ஏற்ற வேண்டும். நெட் விட்டு விட்டு வந்தால் பாட்டு நிற்காமல் இருக்க உங்கள் போன் நாலைந்து துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். அந்தச் சேமிப்புதான் உங்கள் அரை நிமிஷம். ஆகவே அண்ணாச்சி, இனிக் கடிகாரத்தை ஆப்பைக் கேட்டுத் திருப்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோபுரம் போட்டு ஒலிபரப்பும்போது ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் கரண்ட் பில் ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனிக் குழாய். மஸ்கட்காரர் ஒருவர் சேர்ந்தால் அவருக்கென்று ஒரு குழாய். எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கும் நாளில், அதாவது புயல் நாளில், குழாய் அடைக்கும். கோபுரம் அடைக்காது.

#5 மஸ்கட்_மார்த்தாண்டம்

சார், என் குழாய்க்கு நானே ரீசார்ஜ் செய்கிறேன் :) 64 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் 29 எம்பி போல ஆகும். அது இன்று ஒரு செலவே இல்லை.

#6 வள்ளவிளை_தங்கல்

குழாய் என்றதும் எழுதத் தோன்றியது. ரொம்ப நாளாக இந்தக் குழுமத்தில் படிப்பதோடு சரி.

எங்கள் கடற்கரையில் பெரும்பாலும் தங்கல் தொழில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காலையில் போய் மாலையில் கரையேறுவது அல்ல, வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். 2017 நவம்பர் 29 ராத்திரி கரையில் காற்று மாறியபோது, எங்கள் ஆட்களில் பலர் கடலுக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. மறுநாள் ஓகி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்காகப் போய் அரபிக்கடலுக்குள் ஏறியது. எச்சரிக்கை வந்ததா வரவில்லையா, எப்போது வந்தது என்று அப்புறம் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு அந்தச் சண்டை இப்போது வேண்டாம். வந்த எச்சரிக்கையும் கரையில் இருந்தவனுக்குத்தான் வந்தது. படகிலிருந்த வயர்லெஸ் செட் அடுத்த படகுக்கு எட்டும், அதற்கு அடுத்த படகுக்கு எட்டும், கரைக்கு எட்டாது. போன் கரையைவிட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும்.

என் சித்தப்பா அந்தத் தடவை கரையேறினார். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் படகில் ஒரு பழைய ரேடியோ உண்டு, மீடியம் வேவ் உள்ளது. ராத்திரி வலை போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது பாட்டுக் கேட்க. அதை ஏன் சொல்கிறேன் என்றால், அவ்வளவு தூரத்திலும் கரகரவென்று ஏதோ ஒரு தமிழ்ப் பாட்டு அதில் கிடைக்குமாம். எது என்று கேட்டால் “கொழும்போ தூத்துக்குடியோ, யாருக்குத் தெரியும்” என்பார்.

மஸ்கட் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். டிஜிட்டல் வந்த பிறகு கணக்கு தலைகீழ் ஆகிவிட்டது. மஸ்கட்டில் இருக்கிறவர் கோணத்துக்குப் பக்கத்து வீடு. வள்ளவிளைக்கு மேற்கே கடலில் நிற்கிறவன் வெளிநாடு.

#7 மஸ்கட்_மார்த்தாண்டம்

கோபம் இல்லை தம்பி. ஓகி சமயத்தில் நான் இங்கே இருந்து வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், மூன்று நாள் கிடைக்கவில்லை. அதை மறந்துவிட்டுத்தான் மேலே எழுதினேன்.

#8 ரப்பர்பால்

எங்கள் பக்கம் அப்போது நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ரப்பரும் வாழையும் வயர் மேல் விழுந்து கிடந்தன. டவர்களில் பேட்டரி தீரத் தீர போனும் போனது. பெட்டிக்கடையில் முதலில் தீர்ந்தது மெழுகுவர்த்தி, அடுத்தது பேட்டரிக் கட்டை. கட்டை கிடைத்த வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் கூடி ரேடியோ கேட்டோம். கடைசியாக அப்படிக் கூடிக் கேட்டது என் தாத்தா காலத்தில்.

#9 இரணியல்_பொடியன்

எல்லாரும் புயலைச் சொல்கிறீர்கள். வருஷத்தில் 360 நாள் புயல் இல்லை. அந்த 360 நாளும் என் வயதில் யாரும் ரேடியோ கேட்பதில்லை, இதுதான் உண்மை. ஆப்பிலும் கேட்பதில்லை, கோபுரத்திலும் கேட்பதில்லை. பஸ்ஸில் டிரைவர் போட்டால் காதில் விழும், அவ்வளவுதான்.

நான் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன் (பெயர் போட்டால் விளம்பரம் என்று மட்டுறுத்துநர் திட்டுவார்). கேட்கிறவர்கள் அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது கேட்கிறார்கள். வானொலி இன்னும் ‘காலை 8.20-க்கு வா, இல்லையென்றால் போய்விடும்’ என்கிறது. ஒரு நல்ல உரையாடல் எட்டரைக்கு முடிந்தால் காற்றோடு போயிற்று. அதை எங்காவது ஏற்றி வைத்தால் என்ன? நேரலை மட்டும் இணையத்தில் விட்டுவிட்டு டிஜிட்டல் ஆகிவிட்டோம் என்பது, வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு பேன்ட் போட்டிருக்கிறேன் என்பது மாதிரி.

#10 கோட்டார்_நேயர்

பெல்ட் கட்டிய வேட்டியை நாங்கள் பாதிப் பேர் கட்டியிருக்கிறோம் தம்பி, கிண்டல் வேண்டாம்.

ஆனால் காற்றோடு போனது என்றீர்களே, அது நெஞ்சில் குத்துகிறது. ஒரு காலத்தில் வில்லுப்பாட்டு என்றால் கோயில் கொடைக்கு அடுத்து ரேடியோதான். குடம் அடிக்கிறவரின் கை வேகம் மைக்கில் அப்படியே வரும். இன்றைக்கு அந்தக் குரல்களில் பல உயிரோடு இல்லை. ஸ்பூல் டேப் விலை அதிகம், ஆகவே ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதிவு செய்வது எந்த ஊர் வானொலியிலும் அந்தக் கால வழக்கம். ஒரு பாட்டை அழித்துத்தான் இன்னொரு பாட்டு. தப்பித்த டேப்பும் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். நம்ம கடற்கரை ஈரம் இரும்பையே தின்கிறது.

டிஜிட்டல் என்று யாராவது என்னிடம் வந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன். புதிய ஆப் அப்புறம். மிச்சம் இருக்கிற டேப்பையெல்லாம் எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டீர்களா?

#11 இரணியல்_பொடியன்

அண்ணாச்சி, இதில் உங்கள் கட்சி நான். பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் யூட்யூபில் பழைய கச்சேரிகளையெல்லாம் போடுகிறது. கர்நாடக சங்கீதத்துக்கும் இந்துஸ்தானிக்கும் 2016 ஜனவரி 26-இலிருந்து ‘ராகம்’ என்று 24 மணி நேர அலைவரிசையே இருக்கிறது. வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் அந்த மரியாதை எப்போது? தேசிய வானொலி என்றால் டில்லியில் இருப்பது மட்டும்தான் தேசியமா?

#12 குமரித்தமிழ்

அதற்கு முன்னால் பெயரை முடிவு செய்யுங்கள். 2023 மே மாதம் ‘ஆல் இந்தியா ரேடியோ’ வேண்டாம், ‘ஆகாசவாணி’ மட்டும்தான் என்று உத்தரவு போட்டார்கள். வானொலி என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்கும்போது...

#13 மட்டுறுத்துநர்

பெயர்ச் சண்டைக்கு ஏற்கெனவே 214 பதிவுள்ள தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள். இங்கே அவரவர் விரும்பிய பெயரைச் சொல்லலாம்.

#14 விரல்_வாசகன்

எனக்குப் பார்வை இல்லை. போனில் திரைவாசிப்பான் வைத்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஆப் நல்லதா கோபுரம் நல்லதா என்பதற்கு என் விரல் சொல்லும் பதில்: திருகு. பழைய ரேடியோவில் இடது பக்கம் சத்தம், வலது பக்கம் நிலையம். எந்த வீட்டு ரேடியோ என்றாலும் பத்து நொடியில் கை பழகிவிடும். போனில் நான் முதலில் போட்ட ஒரு வானொலி ஆப், எது என்று சொல்ல விரும்பவில்லை, பொத்தானுக்கெல்லாம் பெயரே வைக்காமல் விட்டிருந்தது. “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று திரைவாசிப்பான் ஜெபம் சொல்லும். எது ஓடும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்க வேண்டும். பழகிய பிறகு ஒரு அப்டேட் வந்து எல்லாம் இடம் மாறியது.

ஆனால் பழசே பொன் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது போனிடம் “ஆகாசவாணி நாகர்கோவில் போடு” என்று வாயால் சொன்னால் சில நாள் போடுகிறது. சில நாள் நாகர்கோவிலுக்குப் பஸ் நேரம் சொல்கிறது. அது திருந்திவிட்டால் திருகை நான் விட்டுவிடுவேன்.

#15 அலைவரிசை_ரிட்டயர்டு

இப்போது கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டிஜிட்டல் வானொலி என்றால் ஆப் மட்டும்தான் என்று இங்கே எல்லாரும் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. கோபுரமே டிஜிட்டல் ஆகலாம். அதன் பெயர் டிஆர்எம், அதாவது டிஜிட்டல் ரேடியோ மாண்டியல். அகில இந்திய வானொலி இதில் சும்மா இருக்கவில்லை. 35 மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை டிஆர்எம்முக்குத் தகுந்த மாதிரி போட்டிருக்கிறது. உலகில் இவ்வளவு பெரிய அளவில் செய்த நாடு வேறு இல்லை. இணையம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், காற்றிலேயே வரும். மீடியம் வேவில் எஃப்எம் தரத்துக்கு ஒலி கிடைக்கும். ஒரே டிரான்ஸ்மிட்டரில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை விடலாம், கூடவே எழுத்தும் அனுப்பலாம். புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியைத் தட்டி எழுப்பும் வசதியும் அதில் உண்டு.

பிறகு ஏன் யாருக்கும் தெரியவில்லை? கேட்கப் பெட்டி இல்லை. சில புதிய கார்களில் உள்ளே வைத்தே வருகிறது, காரின் சொந்தக்காரருக்கே அது தெரியாது. கடையில் தனிப் பெட்டி வாங்கப் போனால் ஒரு நல்ல போன் விலை சொல்வார்கள். அண்ணாச்சி, 1984-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். 1977-இல் சென்னையில் எஃப்எம் தொடங்கியபோதும், நம்ம ஊருக்கு வந்தபோதும் எத்தனை வீட்டில் எஃப்எம் பெட்டி இருந்தது? மீடியம் வேவ் செட்தானே எங்கும். எஃப்எம் நாட்டைப் பிடித்தது மலிவான பெட்டியும் அப்புறம் போனும் வந்த பிறகு. டிஆர்எம்முக்கு அந்த மலிவுப் பெட்டி இன்னும் வரவில்லை. கோழியைக் கொண்டுவந்து விட்டாயிற்று, கூடு யார் கட்டுவது என்று கம்பெனிகளும் அரசும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழைய ஒலி தூரம் போகப் போகக் கரகரக்கும், ஆனால் வார்த்தை புரியும். டிஜிட்டல் அப்படி மெல்ல மெல்லச் சாகாது. கணீரென்று பேசும், சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனதும் சட்டென்று மௌனம். கடலில் இருப்பவருக்குக் கரகரப்பு பெரிதா மௌனம் பெரிதா என்பதை வள்ளவிளை தம்பிதான் சொல்ல வேண்டும்.

அவர் சித்தப்பாவுக்கு அந்தப் பாட்டு எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எஃப்எம் நேர்கோட்டில் போகும். நூறு மீட்டர் உயரக் கோபுரம் என்றால் பூமியின் வளைவில் அது மறைய 40 கிலோமீட்டர் போதும், படகின் உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். மலை குறுக்கே வந்தால் அதுவும் இல்லை, கோதையாறு பக்கம் 101 இழுத்துக்கொண்டு வருவது அதனால்தான். மீடியம் வேவ் தரையைத் தழுவிக்கொண்டு போகும். தரையைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் அது இன்னும் தூரம் ஓடும். ராத்திரியில் வானத்தில் பட்டுத் திரும்பியும் வரும். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். கடல் தாண்டிய நேயருக்காகவே வைத்த நிலையம் அது. கடலுக்கு என்றே செய்த அலை மாதிரி இருக்கும்.

கரையில் மீடியம் வேவ் செத்ததற்குக் காரணம் நிலையம் மட்டும் இல்லை. நம் வீட்டு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எல்லாம் அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. வீட்டு மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பழைய ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். கரண்ட் போன ராத்திரியில் இலங்கை எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று தாத்தாக்கள் சொல்வது கதை இல்லை.

#16 இரணியல்_பொடியன்

மெயினை ஆஃப் செய்து பார்த்தேன். அம்மா திட்டினாள். ஆனால் நிஜமாகவே கேட்கிறது!

#17 தோவாளைப்பூ

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோவாளையில் பூ கட்டுகிற வீடு எங்களுடையது. சந்தைக்குப் போகிற பூவுக்கு விடியும் முன்னே கை ஓடும். கண்ணும் கையும் பூவில், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு ரேடியோவைவிடத் தோதான ஒன்று இன்னும் வரவில்லை. டிவியைப் பார்க்க வேண்டும், போனைத் தடவ வேண்டும்.

நீங்கள் எல்லாரும் அலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அலையில் என்ன வருகிறது? பேச்சிப்பாறை அணை நிறைய 48 அடி, பெருஞ்சாணி அணை நிறைய 77 அடி. மழை பிடித்தால் இன்று தண்ணீர் எத்தனை அடி, மறுகால் திறப்பார்களா என்பதுதான் கால்வாய்க்கரை வீடுகளுக்குச் செய்தி. டில்லியிலிருந்து வரும் எந்த அலைவரிசையும் அதைச் சொல்லாது. 2019-இல் தேசிய அலைவரிசை என்று ராத்திரி ஓடிக்கொண்டிருந்ததை மூடினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது மூடியது தெரியவில்லை. 101 ஒரு மணி நேரம் நின்றால் எங்கள் தெருவில் நாலு பேர் கேட்பார்கள். உள்ளூர்ப் பேச்சைக் குறைத்துவிட்டு வேறு ஊர் நிகழ்ச்சியை வாங்கி அப்படியே ஒலிபரப்பினால், அதை எந்த ஆப்பில் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ என்று சமுதாய வானொலி 90.4-இல் நடக்கிறது, 2016-இலிருந்து. கடல்காற்று, அலை, மீன் எல்லாம் அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே. அந்த மாதிரி ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு அப்புறம் டிஜிட்டல் ஆகட்டும்.

#18 மஸ்கட்_மார்த்தாண்டம்

அக்கா சொல்வது சரி. எனக்கும் நெட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 101 கேட்பது அணை நிலவரத்துக்கும் அந்தப் பேச்சுக்கும்தான்.

வெளியூர் சேதி ஒன்று. நார்வேயில் 2017-இல் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை மொத்தமாக நிறுத்திவிட்டு டிஜிட்டல் கோபுரத்துக்கு மாறினார்கள். அங்கேயும் மலை, அங்கேயும் கடல். படகுக்காரர்களும் பழைய கார்க்காரர்களும் கத்தினார்கள். சின்ன உள்ளூர் நிலையங்களை மட்டும் எஃப்எம்மிலேயே விட்டுவைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் அரசு வானொலி 2024 டிசம்பர் 31-உடன் எஃப்எம்மை நிறுத்தியது. நேயர்கள் டிஜிட்டலுக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், கணிசமானவர்கள் வரவே இல்லை.

#19 அலைவரிசை_ரிட்டயர்டு

அதனால்தான் இங்கே அவசரப்படவில்லை என்று நினைக்கிறேன். 2023 ஏப்ரலில்கூட 100 வாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் 91 ஊர்களில் திறந்தார்கள். அதே சமயத்தில், போன் கம்பெனிகள் போனுக்குள் இருக்கும் எஃப்எம் ரிசீவரை முடக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவுரை அனுப்பியது. பலருக்குத் தெரியாது: நிறையப் போன்களில் எஃப்எம் உள்ளேயே இருக்கிறது. நெட் வேண்டாம். இயர்போன் வயரே அதற்கு ஏரியல். வயர் இல்லாத இயர்போன் வந்ததும் ஏரியலும் போயிற்று, அது வேறு கதை.

பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30-உடன் சிற்றலையை நிறுத்தியது. அவர்கள் நேயர் இணையத்துக்குப் போய்விட்டார்கள், அது அவர்களுக்குச் சரி. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸின் தமிழ்ப்பணியும் அப்படியே இணையத்துக்குப் போனது. நம்ம கடற்கரையில் அதற்கு எத்தனை வீடு காத்திருக்கும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு அரசு வானொலிக்கு அந்த வசதி கிடையாது. நெட் உள்ளவன் மட்டும் அதன் நேயர் இல்லை.

#20 இரணியல்_பொடியன்

புயல் எச்சரிக்கைக்குப் போனே போதாதா சார்? 2023-இல் ஒரு நாள் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனை மாதிரி. படகுகளில் செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பி வாங்கும் டிரான்ஸ்பாண்டரும் வைக்கிறார்கள்.

#21 வள்ளவிளை_தங்கல்

வைக்கிறார்கள், நல்ல விஷயம். 2019-இல் ‘ஜெமினி’ என்று செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கும் பெட்டியும் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விசைப்படகில் அது இருக்கும். கட்டுமரத்திலும் சின்ன வள்ளத்திலும் என்ன இருக்கும்? கூடவே, பெட்டி “காற்று வருகிறது” என்று எழுத்தில் சொல்லும். ஆளின் குரல் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னால் அது வேறு. பயந்த நேரத்தில் குரல்தான் வேண்டும்.

அலைவரிசை சார் கேட்டதற்குப் பதில்: கரகரப்பு போதும். மௌனம் வேண்டாம்.

#22 முட்டம்_லைட்ஹவுஸ்

இவ்வளவு பேசுகிறோமே, யாராவது சோதித்துப் பார்த்தோமா? என் மச்சான் முட்டத்திலிருந்து வள்ளத்தில் போகிறவன், அன்றாடம் கரை திரும்புகிறவன். அவனிடம் மூன்று கொடுத்துவிட்டேன்: ஆப் போட்ட போன், எஃப்எம் உள்ள சின்ன ரேடியோ, என் அப்பாவின் மீடியம் வேவ் பெட்டி. எது எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல் என்றேன். நாளை எழுதுகிறேன்.

#23 கோட்டார்_நேயர்

முட்டத்துக்காரரே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

#24 முட்டம்_லைட்ஹவுஸ்

வந்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விஞ்ஞானம் இல்லை, ஒரு நாள் கணக்கு.

போன்: லைட்ஹவுஸ் இன்னும் நன்றாகத் தெரிகிறபோதே வட்டம் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பாட்டும் வட்டமும் மாறி மாறி வந்தன. அப்புறம் வட்டம் மட்டும்.

101: அவன் வலை விரித்த இடம் வரைக்கும் வந்தது. வள்ளம் அலையில் இறங்கும்போது சுருங்கி, ஏறும்போது மறுபடி விரிந்ததாம். ஏரியலைக் கையில் பிடித்தால் சரியானது. அதற்கு மேல் அவன் போகவில்லை, ஆகவே எல்லை தெரியாது.

மீடியம் வேவ்: பகலில் மோட்டார் ஓடும்போது ஒரே இரைச்சல். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் முள்ளைத் திருப்பியிருக்கிறான். தூத்துக்குடி, நடுக்கடலில் நிற்கிற மாதிரி இல்லை, பக்கத்து வள்ளத்தில் பாடுகிற மாதிரி கேட்டதாம். கட்டை வீக், அதனால் பாதியில் அமர்ந்துவிட்டது.

#25 வள்ளவிளை_தங்கல்

மோட்டாரை நிறுத்தினால் கேட்கும் என்று சித்தப்பாவும் சொல்வார். எதற்கு நிறுத்துகிறார் என்று இத்தனை நாள் தெரியாது.

#26 அலைவரிசை_ரிட்டயர்டு

மோட்டாரின் தீப்பொறி இரைச்சல் அது. பெட்டியை மோட்டாரிலிருந்து தள்ளி, வள்ளத்தின் முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பெட்டியை மெல்லச் சுற்றிப் பார்க்கட்டும். மீடியம் வேவுக்கு ஏரியல் உள்ளே இருக்கும் கம்பிதான், அது ஒரு திசையில் நன்றாகப் பிடிக்கும்.

#27 ரப்பர்பால்

அடுத்த தடவை புதுக் கட்டை போட்டு அனுப்புங்கள் மக்கா. நாலு கட்டையின் காசு நான் தருகிறேன்.

#28 கோட்டார்_நேயர்

என் வீட்டில் ஒரு சேதி. பொடியன் தம்பி நேற்று சாயங்காலம் வந்தார். யூட்யூபில் பார்த்து, வலை பின்னுகிற நைலான் நூலை வைத்து டயலுக்குக் கோத்துக் கொடுத்துவிட்டார். முள் 101-க்குப் போகிறது. கொஞ்சம் தாண்டி 101.9-இல் அனந்தபுரிக்கும் போகிறது, திரும்பி வரத்தான் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கடிகாரத்தையும் திருப்பி வைத்துவிட்டேன்.